பட்டத்துக்குச் சூத்திரம்

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் என் அண்ணன் பேரன் வீட்டுக்கு வந்தான். பிரான்சின் தென்கரையில் துலோன் என்ற துறைமுக ஊர் அவனுக்கு. தமிழ் புரியும், பேச்சுதான் தட்டுத்தடுமாறும். முதுகில் அவன் உயரத்துக்கு ஒரு பை. வாசலில் இறக்கி வைத்தபோது வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தான்.

"என்னடா பையில? கல்லா?" என்றேன்.

"இல்ல தாத்தா. பட்டம்."

இருபத்து நான்கு வயதுப் பையன் பட்டத்தோடு வந்து நிற்கிறானே என்று என் மனைவிக்குச் சிரிப்பு. பையைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கூடத்தில் விரித்தால் சுவருக்குச் சுவர் இடிக்கும் அளவுக்குத் துணி. பன்னிரண்டு சதுர மீட்டராம். முன்விளிம்பில் சைக்கிள் பம்பு போன்ற ஒன்றால் காற்றடித்து நிரப்புகிற நீளமான குழாய். அதிலிருந்து நான்கு நூல்கள், ஒவ்வொன்றும் இருபத்து நான்கு மீட்டர். நூல்களின் மறுமுனையில் கையால் பிடிக்க ஒரு தண்டு, அதை 'பார்' என்கிறார்கள். இடுப்பில் பட்டை கட்டி அதில் பட்டத்தை மாட்டிக்கொண்டு, காலில் பலகையோடு கடல்மேல் வழுக்கிக்கொண்டு போகிற விளையாட்டு. கைட் சர்ஃபிங் என்று பெயர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் சேர்த்தார்கள். பந்தயம் நடந்தது பாரிஸில் இல்லை, மார்செய் கடலில்.

பையன் எங்கள் வீட்டுக்கு வருமுன் நான்கு நாள் ராமேஸ்வரத்தில் இருந்திருக்கிறான். இந்தியாவில் இந்த விளையாட்டுக்குப் பேர்போன இடம் அது. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று, வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று. எந்தக் காற்று அடித்தாலும் தீவின் ஏதாவது ஒரு பக்கம் தோதாக இருக்கும். இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் தண்ணீர் கிடப்பதால் விழுந்தாலும் எழுந்து நிற்கலாம்.

இவன் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். பட்டம் உச்சிக்கு ஏறும், கொஞ்சம் நிற்கும், பிறகு வாலைக் கீழே போட்டுப் பின்புறமாகச் சரியும். ஒரு தடவை அப்படிச் சரிந்த பட்டம் தண்ணீரைத் தொடுமுன் திடீரென்று மறுபடி காற்றைப் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பு. பையன் பத்தடி தூரம் பறந்து போய்த் தோளில் விழுந்தான். செய்தி துலோனுக்குப் போய், அவன் அம்மா "அந்தச் சனியனை அங்கேயே விற்றுவிட்டு வா" என்று சொல்லிவிட்டாள்.

"நீ என்ன சொன்னே?"

"எனக்குப் பயமா இருக்கு தாத்தா. ஆனா விக்க மனசு இல்ல. இது தாத்தா குடுத்த காசுல வாங்கினது."

தாத்தா என்று அவன் சொன்னது என்னை அல்ல, என் அண்ணனை. அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. "தோளுக்கு ஒத்தடம் கொடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, யாரோ எடுத்த வீடியோவைக் கைப்பேசியில் காட்டினான். பட்டம் வயிற்றைக் காட்டிக்கொண்டு பின்னால் சாய்வதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று காரைக்கால் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது.

எங்களுக்குப் பிறந்த ஊர் காரைக்கால். அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து மணலில்தான் எங்கள் பட்டம் பறந்தது. தென்னை ஈர்க்கு, பழைய செய்தித்தாள், ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை, வாலுக்கு அப்பாவின் கிழிந்த வேட்டி. இவ்வளவுதான் சாமான். பட்டம் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சூத்திரம் கட்டுவதில்தான் கெட்டிக்காரத்தனம். பட்டத்தின் நடு ஈர்க்கில் மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு போட்டு, இரண்டு நூலையும் முன்னால் சேர்த்து முடிச்சிட்டு, அங்கிருந்துதான் பறக்கவிடும் நூல் புறப்படும். அந்த இரட்டை நூலுக்குத்தான் சூத்திரம் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் முச்சை என்பார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியில் பெரிய பெரிய பட்டங்களுக்கு முச்சை கட்டத் தனியாகக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன்தான் எனக்குச் சூத்திரம் கட்டச் சொல்லிக்கொடுத்தார். மேல் நூல் குட்டையாக இருந்தால் பட்டம் தலையை முன்னால் நீட்டிக் காற்றை வெட்டிக்கொண்டு ஏறும். ரொம்பக் குட்டையானால் தலைகுப்புறப் பாயும். கீழ் நூல் குட்டையாக இருந்தால் பட்டம் நிமிர்ந்து நின்று வயிற்றைக் காட்டும். இழுப்பு அதிகம், ஏற்றம் குறைவு. அதுவும் மிஞ்சிப்போனால் மூச்சுமுட்டியதுபோல நின்று, பின்னால் மல்லாந்து விழும். வித்தியாசம் ஒரு நெல்மணி அளவுதான். அண்ணன் முடிச்சை நகத்தால் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்.

களத்தில் நெல் தூற்றியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முறத்தைக் காற்றுக்கு ஒரு சாய்வில் பிடித்தால் பதர் தள்ளிப் போய் விழும். நேராக நிமிர்த்திப் பிடித்தால் காற்று முறத்தில் மோதிச் சுழன்று, பதர் நம் தலையிலேயே விழும். பட்டமும் அப்படித்தான். துணியின் இரண்டு பக்கமும் காற்று ஒட்டி வழுக்கி ஓடுகிறவரைக்கும்தான் அது பறக்கும். சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் மேல்பக்கத்துக் காற்று துணியை விட்டு விலகிவிடும். பிறகு அது பட்டம் இல்லை, வெறும் துணி.

"உன் பட்டத்துல முன் நூல் எது, பின் நூல் எது?" என்று கேட்டேன்.

காட்டினான். நடுவில் வரும் இரண்டும் முன் நூல்கள். அவை பட்டத்தின் முன்விளிம்பில் சேர்ந்து, பாரின் நடு ஓட்டை வழியாக இடுப்புக் கொக்கிக்கு வருகின்றன. உடம்பின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் இவைதான். பாரின் இரண்டு நுனியிலிருந்து பட்டத்தின் பின் மூலைகளுக்குப் போவது பின் நூல்கள். பாரை நம் பக்கம் இழுத்தால் பின் நூல்கள் இறுகும், பட்டம் நிமிரும், இழுப்பு கூடும். தள்ளிவிட்டால் பின் நூல்கள் இளகும், பட்டம் படுத்துக்கொள்ளும், இழுப்பு குறையும். இது தவிர முன் நூல்களை மட்டும் குட்டையாக்க ஒரு பட்டை உண்டு, அது 'ட்ரிம்'. காற்று பலமானால் அதை இழுத்து முன் நூலைக் குட்டையாக்குவார்கள். காற்று குறைந்தால் விட்டுவிடுவார்கள்.

ஆக, எங்கள் சூத்திரத்தின் மேல் நூல்தான் இவர்களுடைய முன் நூல், கீழ் நூல்தான் பின் நூல். ஈர்க்கு போய்க் காற்றுக்குழாய் வந்திருக்கிறது, சூத்திரம் மாறவில்லை.

அவன் பையில் பிரெஞ்சில் ஒரு கையேடு இருந்தது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிறகு குமாஸ்தா வேலையில் தமிழும் ஆங்கிலமுமாகக் காலம் போனது. பல வருஷம் கழித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு படித்தேன். பட்டத்துக்கு அந்த மொழியில் 'செர்ஃப் வோலான்' என்று பெயர், பறக்கும் மான் என்று பொருள். பாம்பைக் குறித்த பழைய சொல் ஒன்று திரிந்துதான் மானாகிவிட்டது என்பார்கள். நீண்ட வாலை நினைத்தால் பாம்புதான் பொருத்தம். பின்னால் சரிவதற்குக் கையேடு போட்டிருந்த சொல் 'தெக்ரோஷாழ்', கொக்கியிலிருந்து கழன்றுவிடுவது. ஆங்கிலத்தில் பேக் ஸ்டால். அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் பாரை 'ஷொக்கே' செய் என்று இருந்தது. பள்ளியில் எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு அதிர்ச்சி கொடுப்பது, மனம் புண்படும்படி நடப்பது என்று சொல்லித்தந்தார்கள். "பாரை ஓங்கி அடிக்கணுமா?" என்று கேட்டேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மாலுமிகள் பேச்சில் அதற்குக் கயிற்றை இளக்கிவிடு என்று பொருளாம்.

இந்தக் காற்றடைத்த பட்டத்தைக் கண்டுபிடித்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்று பையன் சொன்னான். பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த லெகெஞ்ஞு சகோதரர்கள், புரூனோ, தொமினிக் என்று இருவர். 1984 நவம்பரில் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த பட்டம் மூழ்காமல் மிதந்து, அங்கிருந்தே மறுபடி கிளம்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதை வாங்க ஆள் கிடைப்பதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்தே அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் களத்துக்குப் போனோம். நான் ஓய்வுக்குப் பிறகு குடியிருப்பது திருவையாற்றுக்குப் பக்கத்தில், மனைவியின் ஊரில். சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் மிஷின் அறுப்பு. களம் நெல் காயப்போடுவதோடு சரி. ஒரு மூலை காலியாக இருந்தது. நான்கு நூல் நுனிகளையும் ஒரு தென்னை மரத்தில் ஒரே ஆணியில் மாட்டினோம். பையன் பாரை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். ட்ரிம் பட்டையை முழுக்க விட்டுவிட்டுப் பாரை முழுக்க இழுத்துப் பிடித்தால் நான்கு நூலும் ஒரே நீளத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். அதுதான் கணக்கு.

பின் நூல் இரண்டும் வீணைத் தந்தி மாதிரி நின்றன. முன் நூல் இரண்டும் தொய்ந்து கிடந்தன. தையல் டேப்பை வைத்து அளந்தேன். ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம்.

காரணம் சாதாரணமானது. முன் நூல்கள்தான் பாரம் சுமக்கின்றன. நாளாக ஆக அவை நீண்டுவிடுகின்றன. பாரம் குறைவாகத் தாங்கும் பின் நூல்கள் அப்படியே இருக்கின்றன. பட்டமோ பழையது, வேறொருவர் கையில் பல வருஷம் இருந்தது. முன் நூல் நீண்டால், பின் நூலைக் குட்டையாக்கியதற்குச் சமம். பையன் பாரைத் தொடாமலே பட்டத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடிதான் பறக்கவிட்டிருக்கிறான்.

"அப்ப துலோன்ல ஏன் விழல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு பேரும் களத்து மேட்டில் உட்கார்ந்து யோசித்தோம். அங்கே மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று பேயாக அடிக்கும். அதற்குப் பயந்து இவன் எப்போதும் ட்ரிம் பட்டையை இழுத்தே வைத்திருந்தான். முன் நூல் குட்டையாகி, நீண்டுபோன குறை வெளியே தெரியாமல் சரிக்கட்டிவிட்டது. ராமேஸ்வரத்து வாடை அவ்வளவு பலமில்லை. இழுப்பு போதவில்லையே என்று ட்ரிம்மை முழுக்க விட்டான், போதாததற்குப் பாரையும் மார்போடு இழுத்துப் பிடித்தான். மறைந்திருந்த குறை வெளியே வந்துவிட்டது.

காற்று குறையும்போதுதான் எல்லோரும் அதிகமாக இழுக்கிறார்கள். அப்போது இழுக்கக் கூடாது என்பது மனதுக்கு எளிதில் ஏறுவதில்லை.

பின் நூல் மாட்டும் இடத்தில் வரிசையாக முடிச்சுகள் இருந்தன. வெளி முடிச்சுக்கு மாற்றினால் நூல் நீளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றி, மறுபடி அளந்து, நான்கும் சமமாக நிற்கும்வரை செய்தோம். முக்கால் மணி நேர வேலை. காசு செலவில்லை.

அப்போதுதான் பையன் கேட்டான். "தாத்தாவும் நீங்களும் ஏன் பேசிக்கல?"

காரைக்கால் 1954இல் இந்தியாவோடு இணைந்தாலும் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றார். அண்ணன் எழுதிக் கொடுத்தார், ராணுவத்தில் சேர்ந்தார், கப்பலேறினார். அதில் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. கடிதம் வரும், போகும். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார்.

சண்டை வந்தது காரைக்கால் வீட்டால். அப்பா காலமான பிறகு வீட்டை என் பெயருக்கு மாற்ற, அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டியிருந்தது. தருகிறேன் என்றுதான் சொன்னார். ஊருக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம், கொஞ்சம் பொறு என்று எழுதினார். என்னால் பொறுக்க முடியவில்லை. ஆபீசில் கோப்பு நகர நினைவூட்டுக் கடிதம் அனுப்பிப் பழகிய கை. அவருக்கும் அப்படியே அனுப்பினேன். முதலில் மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று, கடைசியில் பதிவுத் தபால். பதில் குறையக் குறைய நான் அதிகமாக இழுத்தேன். ஒருநாள் பத்திரம் வந்தது. பாரிஸ் இந்தியத் தூதரக முத்திரை, அண்ணன் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை. அதன் பிறகு அவர் ஊருக்கு வரவே இல்லை. நானும் எழுதவில்லை. வீட்டையும் பிற்பாடு விற்றுவிட்டேன்.

இதைப் பையனிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. பாதி தமிழில், பாதி பிரெஞ்சில் சொன்னேன். "தப்பு என்னுதுதாண்டா" என்று முடித்தேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தாத்தா உங்களைப் பத்தித் திட்டி ஒண்ணும் சொன்னதில்ல. பட்டம் விடத் தெரிஞ்சவன்னு சொல்வாரு" என்றான். நான் நூலைச் சுற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு கார் வைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை, மீமிசல், தொண்டி வழியாக ராமேஸ்வரம் போனோம். தோள் வலி குறைந்திருந்தது. தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, பயிற்சி கொடுக்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், பட்டத்தை ஒரே தள்ளலில் கழற்றிவிடும் விசையைக் கரையிலேயே இரண்டு தடவை இயக்கிப் பார்க்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன். நூலைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஆடி மாதத்து மேல்காற்றில் காரைக்காலில் எங்கள் பட்டங்கள் எத்தனையோ அப்படிக் கடலோடு போயிருக்கின்றன. பட்டம் போனால் போகட்டும், இதில் ஆளும் கூடப் போவான்.

பட்டம் ஏறியது. முதலில் ஒழுங்காக நின்றது. நடுவில் காற்று தணிந்தபோது பழைய பழக்கத்தில் பையன் பாரை இழுக்க, பட்டம் லேசாக வயிற்றைக் காட்டத் தொடங்கியது. கரையிலிருந்து நான் என்னை மறந்து "ஷொக்! ஷொக்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவன் பாரைத் தள்ளிவிட்டான். பட்டம் ஒரு கணம் தயங்கி, தலையைச் சாய்த்து, மறுபடி காற்றைப் பிடித்து மேலே போனது. அதன் பிறகு அவனாகவே பழகிக்கொண்டான். இழுத்துப் பார்ப்பது, கனம் ஏறினால் உடனே கொஞ்சம் விடுவது. அன்று சாயங்காலம் ஒரு முறைகூடப் பட்டம் பின்னால் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் வயதான மீனவர் ஒருவர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். "பாய் வச்ச வத்தையிலயும் இதே கதைதான் ஐயா. தாமானை ரொம்ப இறுக்கினா வத்தை ஓடாது, சாயத்தான் சாயும்" என்றார். தாமான் என்பது பாயின் கீழ் நுனியைப் பிடித்திருக்கும் கயிறு.

அண்ணனும் இதைத்தான் சொல்வார். பட்டம் தடுமாறும்போது என் கை தானாக நூலை இழுக்கும். "இழுக்காதடா, விடு" என்று பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பத்து வயதில் பட்டத்துக்கு அதைக் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதில், அவர் விஷயத்திலேயே, அது என் நினைவுக்கு வரவில்லை.

பையன் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பட்டத்தை விற்கவில்லை என்று செய்தி அனுப்பினான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நூலை அளந்து பார் என்று பதில் எழுதினேன். மறந்துவிட்டால் நினைவூட்டுக் கடிதம் அனுப்பமாட்டேன் என்றும் சேர்த்து எழுதினேன்.